என் மலை பரங்கிமலை, என் ஆறு கூவம்

ஹாமில்டன், நியூசிலாந்து
16 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த எண்ணெயைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

போனில் பேசினால் நீ "ஆங்? ஆங்?" என்று கத்துவாய், திருமுல்லைவாயில் முழுக்க எட்டிப் பார்க்கும். முப்பது வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் பக்கத்தில் நின்ற காது, அதைக் குற்றம் சொல்ல முடியாது. நாம் பேசிக்கொண்டபடி தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். நீயும் அப்படியே செய்.

ரூபஸும் பெனிஷாவும் என்னைத் தாங்குகிறார்கள். மருமகள் கையில் மீன்குழம்பு நன்றாகவே வருகிறது, சொல்லாதே, தலைக்கேறிவிடும். ஊரெல்லாம் பச்சை. மேடும் பள்ளமுமாகப் புல், அதில் ஆடுகள். மனிதர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

ரூபஸோடு பஸ் டிப்போவில் வேலை செய்யும் விரேமு நேற்று வீட்டுக்கு வந்தார். மாவோரிக்காரர், இந்த நாட்டின் பூர்வகுடி. கை குலுக்கலாம் என்று நீட்டினால், மனுஷன் தன் நெற்றியையும் மூக்கையும் என் நெற்றியிலும் மூக்கிலும் ஒட்டி வைத்து ஒரு மூச்சு இழுத்தார். மூச்சைப் பங்கு போட்டுக்கொள்வதாம். கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டேன். காலையில் வெங்காயம் தின்றிருந்தேன் வேறு.

ஒரே ஒரு விஷயம். கிளம்பிய அவசரத்தில் வீட்டில் தண்ணீர் மோட்டாரை அணைத்தேனா என்று நினைவில்லை. போய்ப் பார்த்துச் சொல்.

உன் தம்பி,
சாமி

*

திருமுல்லைவாயில்
18 பிப்ரவரி

அன்புத் தம்பி ஆரோக்கியசாமிக்கு,

மாதா கிருபையால் நலம். முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்கிறது, போகச் சொன்னாலும் போகாது.

மோட்டார் அணைந்துதான் இருந்தது. ஆனால் சாவி வாசல் பூட்டிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சரசா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்: "இன்னாக்கா உங்க தம்பி, ஊட்டப் பூட்டிட்டு சாவிய திருடனுக்கு உட்டுட்டுப் போய்ட்டாரு!" நானும் சிரித்தேன். உள்ளே அரிசி டப்பாவில் உன் கைக்கடிகாரம் இருந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

வயசு என்று வைத்துக்கொள்கிறேன். கடிகாரத்தைத் துடைத்து என் பீரோவில் வைத்திருக்கிறேன். குளிரில் வெறுங்காலோடு நடக்காதே.

அக்கா,
ஞானகுமாரி

*

ஹாமில்டன்
2 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி?

நேற்று வைட்டோமோ என்ற இடத்துக்குப் போனோம். பூமிக்கு அடியில் குகை, அதற்குள் ஆறு, ஆற்றில் படகு. விளக்கு கிடையாது, பேசவும் கூடாது. மேலே பாறை முழுக்க நீலப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். எல்லாம் புழு அக்கா! மின்னுகிற புழு. நூல் நூலாகப் பசை விட்டுப் பூச்சி பிடிக்கிறதாம். பசியை இவ்வளவு அழகாகக் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியாது.

அந்த இருட்டில் ஒரு வேடிக்கை நடந்தது. எந்த ஊர், எதற்கு வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார், எல்லாம் ஒரு கணம் விட்டுப்போயிற்று. பக்கத்துக்காரன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் "அப்பா, கை வலிக்குதுப்பா" என்றதும்தான் ரூபஸ் என்று தெரிந்தது. இருட்டு அப்படி. எல்லோருக்கும் ஆகும் என்று நினைக்கிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் மூக்கோடு மூக்கு வைத்து வணக்கம் சொல்கிறார்கள், தெரியுமா? ரூபஸோடு வேலை செய்யும் விரேமு என்பவர் எனக்கு அப்படிச் செய்தார்.

பிறகு, வீட்டு மோட்டாரை அணைத்தேனா என்று நினைவில்லை. போய்ப் பார்த்துச் சொல்.

சாமி

*

திருமுல்லைவாயில்
3 மார்ச்

தம்பி,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

விரேமு விஷயத்தை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டாய். மோட்டார் விஷயத்துக்கு நான் பதிலும் எழுதிவிட்டேன். இன்னொரு முறை மோட்டாரைக் கேட்டால் பதில் எழுத மாட்டேன், சொல்லிவிட்டேன்.

பெற்ற மகன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது யார் என்று தெரியவில்லை என்கிறாய். அதற்கு வேடிக்கை என்று பெயர் வைக்கிறாய். இருட்டில் எல்லோருக்கும் பயம் வரும். பிள்ளை மறந்துபோகாது.

பொங்கல் கழிந்த வாரம் ஆட்டோ ஜெகன் உன்னை ஸ்டேஷனிலிருந்து என் வீட்டில் கொண்டுவந்து இறக்கினானே, ஞாபகம் இருக்கிறதா? "ஆயா, உன் தம்பி தண்டவாளத்தாண்ட நின்னுகினு ஊட்டுக்கு வழி கேக்குறாரு. நான் கலாய்க்கிறாருன்னு நெனச்சேன்" என்றான். நீ "சும்மா பையனைச் சோதித்துப் பார்த்தேன்" என்றாய். நான் நம்பினேன். நம்புவது சுலபமாக இருந்தது.

ரூபஸிடம் சொல்லப் போகிறேன். அங்கே நல்ல டாக்டர்கள் இருப்பார்கள்.

ஞானகுமாரி

*

ஹாமில்டன்
4 மார்ச்

அக்கா,

சொல்லாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

ஆமாம், மறக்கிறது. ஒரு வருடமாகவே. ஆவடித் தொழிற்சாலையில் எந்த உலையில் எத்தனை டிகிரி என்று இன்றைக்கும் சொல்வேன். காலையில் மாத்திரை போட்டேனா என்பது தெரியாது. எழுதுகிறபோது நிதானமாக இருக்கிறேன், நீ கேட்பது எல்லாம் வரிசையாக வருகிறது. எழுந்து நடந்தால் அறுந்துவிடுகிறது. நேற்றுக் குளியலறையிலிருந்து வெளியே வந்து எந்தக் கதவு என் கதவு என்று தெரியாமல் ஈரத்தோடு நின்றேன். பெனிஷா பார்ப்பதற்குள் ஒரு கதவைத் திறந்தேன். துணி அடுக்கும் அலமாரி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன் அக்கா. அவள் காலடி ஓய்கிறவரை துண்டுகளுக்கு நடுவில் நின்றேன்.

இந்தத் தெருவில் ஒரு பெரியவருக்கு இதே வியாதி. பிள்ளைகள் முதியோர் விடுதியில் சேர்த்துவிட்டார்கள். வாசல் கதவுக்கு ரகசிய எண். பெனிஷா "பாவம், வேற என்ன பண்ணுவாங்க?" என்றாள். ரூபஸ் தலையை ஆட்டினான். நல்ல பிள்ளைகள்தான், அதனால்தான் பயம். நல்லது என்று நினைத்துத்தான் செய்வார்கள். அந்த விடுதியில் என் பேச்சு யாருக்கும் புரியாது. நான் கேட்கிற தண்ணீர்கூடப் புரியாது.

என் வீட்டில், என் கட்டிலில் இருக்க வேண்டும். பிறகு என் ஸ்டெல்லா கல்லறைக்குப் பக்கத்தில். மே மாதக் கடைசியில் டிக்கெட். அதுவரைக்கும் வாயைத் திறக்காதே. மாதா மேல் சத்தியம் செய்து எழுது. படித்ததும் இதை அழித்துவிடு.

சாமி

*

திருமுல்லைவாயில்
7 மார்ச்

சாமி,

சத்தியம். போதுமா? மூன்று நாள் எழுதாமல் இருந்தது இதனால்தான். இன்று வெள்ளிக்கிழமை, சிலுவைப் பாதை முடிந்து பீடத்தின் முன் நின்று சொல்லிவிட்டு வந்தேன்.  நான் செய்வது சரியா என்று தெரியவில்லை.

தனியாக வெளியே போகாதே. சட்டைப் பையில் ரூபஸ் நம்பரை வை. பெனிஷா கையைப் பிடித்துக்கொண்டு நட. மாமனார் பாசம் என்று நினைத்துக்கொள்ளட்டும். எங்கே போனாலும் அன்றைக்கே எழுது. கடிதம் வராத நாளெல்லாம் எனக்கு நீ அந்தத் தண்டவாளத்தின் பக்கம் நிற்கிற மாதிரிதான் இருக்கும்.

அக்கா

*

ஹாமில்டன்
25 மார்ச்

அன்புள்ள அத்தைக்கு,

பெனிஷா எழுதுகிறேன். மாமா சனிக்கிழமையிலிருந்து போனைத் தொடவில்லை, உங்கள் கடிதங்களைப் பார்த்திருக்க மாட்டார். பயந்துவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்தில்லை. வலது காலில் வெந்நீர்க் காயம், மருத்துவமனையில் இருக்கிறார், வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொல்கிறார்கள்.

சனிக்கிழமை ரோட்டொருவாவுக்குப் போயிருந்தோம். அந்த ஊரில் தரைக்கு அடியிலிருந்து ஆவி வரும். பூங்காவிலேயே சேறு கொதித்துக்கொண்டிருக்கும், சுற்றிலும் வேலி போட்டிருப்பார்கள். அழுகின முட்டை வாடை. மாமா காரிலிருந்து இறங்கியதிலிருந்தே அந்த ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் பாட்டில் எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான் அத்தை. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை, புகை மட்டும்தான்.

ரூபஸ் "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே ஓடினார். மாமா வேலியைத் தாண்டி, கொதிக்கிற குழிக்குப் பக்கத்தில் குனிந்து கையால் தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். கரை இடிந்து ஒரு கால் உள்ளே போய்விட்டது. ரூபஸ் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். மாமா அவரைத் தள்ளிவிட்டு, "எவன்டா ஸ்டீம் வால்வ தொறந்து உட்டுட்டுப் போனது? மூடுங்கடா, ஷிஃப்ட்டே வெந்து செத்துடும்" என்று சத்தம் போட்டார். ரூபஸை யாரோ வேலையாள் என்று நினைத்தது போலிருந்தது.

பிறகு தெளிந்துவிட்டார். ஜோக் அடித்தேன் என்கிறார். வெந்த காலோடு யார் ஜோக் அடிப்பார்கள்? டாக்டர், இதற்கு முன்னால் மறதி ஏதாவது இருந்ததா என்று கேட்கிறார். ரூபஸுக்குத் தெரியவில்லை. அத்தை, உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

பெனிஷா

*

திருமுல்லைவாயில்
27 மார்ச்

அன்புள்ள பெனிஷாவுக்கு,

உன் கடிதம் கண்டு துடித்துப்போனேன். அவனை உயிரோடு இழுத்த கைக்கு என் முத்தம்.

நீ கேட்டதற்கு. அவன் சின்ன வயதிலிருந்தே அசட்டை. முப்பத்தைந்து வருடம் உலைப் பிரிவில் இருந்தவன், ஆவியைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் போயிருப்பான். வேறொன்றும் எனக்குத் தெரியாது.

காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தை

*

ஹாமில்டன்
8 ஏப்ரல்

அக்கா,

கால் ஆறிவருகிறது. நீ எழுதியதைப் பெனிஷா காட்டினாள். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். நீ பொய் சொல்லி நான் பார்த்ததே இல்லை. அந்தத் தாளில் உன் எழுத்துகூடக் கோணலாக இருந்தது.

அந்தக் குழியைப் பற்றி எனக்கு ஒன்றுமே நினைவில்லை. கட்டுதான் இருக்கிறது. 

இப்போது புது ஆபத்து. ஈஸ்டருக்கு மறு சனிக்கிழமை விரேமு எங்களைத் தன் குடும்பத்தாரின் மராய்க்கு அழைத்திருக்கிறார். மராய் என்றால் அவர்கள் குலத்துப் பொது இடம், நடுவில் பெரிய வீடு. வாங்கனுயி ஆற்றங்கரையில் இருக்கிறது. அந்த ஆற்றுக்கு மனிதனுக்கு இருக்கிற உரிமை எல்லாம் சட்டத்திலேயே கொடுத்திருக்கிறார்கள். நம் கூவத்துக்கு அப்படிக் கொடுத்தால் முதல் வழக்கு நம் தெருமேல்தான் போடும்.

அங்கே ஒரு வழக்கம். விருந்தாளி ஒவ்வொருவரும் எழுந்து நின்று தான் யார் என்று சொல்ல வேண்டும். பெயர் கடைசியில்தான். முதலில் என் மலை எது, என் ஆறு எது, என் முன்னோர் வந்த ஓடம் எது, என் சனம் யார். வேலை, படிப்பு எல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் தமிழில் சொல்லலாமாம், ரூபஸ் இங்கிலீஷில் சொல்வான்.

எனக்கு ஒன்றும் வரவில்லை. நமக்கு மலை உண்டா அக்கா? அது இல்லையா, நான் மறந்துவிட்டேனா என்றே தெரியவில்லை. நிறைந்த சபையில் வாயடைத்து நின்றால் அன்றோடு ரூபஸுக்குத் தெரிந்துவிடும். வயிற்றுவலி என்று படுத்துவிடலாமா? நீயே எழுதி அனுப்பு. மனப்பாடம் செய்கிறேன்.

சாமி

*

திருமுல்லைவாயில்
11 ஏப்ரல்

அன்புத் தம்பிக்கு,

படுக்காதே, போ.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். திருமுல்லைவாயிலில் மலைக்கு எங்கே போவது? குப்பைமேடுதான் உண்டு. பிறகுதான் இது தவக்காலம் என்பதே உறைத்தது. வருஷா வருஷம் மூச்சு வாங்க நாம் படியேறுகிற இடம் எது? அதைவிட நமக்கு என்ன மலை? எழுதிக்கொள்.

என் மலை பரங்கிமலை. என் ஆறு கூவம், நாறினாலும் நம் ஆறு. என் ஏரி அம்பத்தூர் ஏரி. எங்களுக்கு ஓடம் இல்லை. அப்பா எங்களையும் ஒரு தகரப் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஜோலார்பேட்டையிலிருந்து வந்த பாசஞ்சர் வண்டிதான் ஓடம். என் சனம் ஆவடியில் இரும்பு காய்ச்சியவர்கள், அம்பத்தூரில் தகடு அடித்தவர்கள். என் அப்பா அந்தோணிமுத்து. என் அக்கா ஞானகுமாரி. என் மனைவி ஸ்டெல்லா. என் பிள்ளை ரூபஸ். நான் ஆரோக்கியசாமி.

இனி நான் சொல்வதைக் கேள். பெனிஷாவுக்குப் பொய் எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த முறை ரூபஸ் கைக்குக் காலர் அகப்படாமல் போனால், உன்னைக் கொன்றது அந்தக் குழி இல்லை, நான். சத்தியத்தை நான் உடைக்க மாட்டேன். நீதான் சொல்ல வேண்டும். ஊருக்குத் திரும்பு, வேண்டாம் என்று யார் சொன்னது? என் வீட்டை வாடகைக்கு விட்டு உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். நீ மறந்ததை நான் சொல்கிறேன், எனக்குக் கேட்காததை நீ எழுதிக் காட்டு. இரண்டு பேரும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் தேறும்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, சாமி. ஒரு நாள் கதவைத் திறந்து "யாரும்மா நீங்க?" என்று கேட்பாய். அந்த நாளை நினைத்துத்தான் தூங்காமல் கிடக்கிறேன். இருந்தாலும் வருகிறேன்.

அக்கா

*

ஹாமில்டன்
28 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் வாழ்த்து. உன் முழங்கால் எப்படி?

மலையெல்லாம் தாண்டி, ஆற்றோடு ஒட்டி ஒட்டிப் போனோம். மழைக்குப் பிறகு ஆறு செம்மண் நிறத்தில் புரண்டு ஓடியது. மராய் வாசலில் நாங்கள் காத்து நிற்க, உள்ளேயிருந்து ஒரு கிழவி நீண்ட குரலில் அழைத்தாள். விரேமுவின் அம்மா மெரெ. எங்களை மட்டும் அழைக்கவில்லையாம், எங்களோடு வந்திருக்கும் செத்தவர்களையும் சேர்த்து அழைக்கிறாளாம்.  ஸ்டெல்லா பின்னால் நிற்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன்.

அந்த வீடே ஒரு முன்னோரின் உடம்பு. நடு உத்தரம் முதுகெலும்பு, சாய்வு மரங்கள் விலா எலும்பு. அந்த வயிற்றுக்குள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் எழுந்து சொல்ல, சொல்லி முடித்தவருக்காக அவரோடு வந்தவர்கள் எழுந்து பாடினார்கள். பேசியவரைத் தனியாக நிற்க விடக் கூடாதாம்.

என் முறை வந்தது. என் மலை பரங்கிமலை என்றேன். ரூபஸ் இங்கிலீஷில் சொன்னான். கூவம் என்றேன், சொன்னான். பாசஞ்சர் வண்டி என்றதும் சபை சிரித்தது, நல்ல சிரிப்பு. அப்பா பெயர் சொன்னேன், உன் பெயர் சொன்னேன், ஸ்டெல்லா பெயர் சொன்னேன். என் பிள்ளை என்று சொல்லி ரூபஸைப் பார்த்தேன்.

பெயர் வரவில்லை அக்கா.

முகம் தெரிகிறது. என் பிள்ளை என்று தெரிகிறது. பெயர் இருந்த இடம் காலி. அவனும் நான் சொல்லட்டும் என்று காத்து நிற்கிறான். உன் தாள் பையில்தான் இருந்தது, கை போகவில்லை. காலுக்குக் கீழே, பெனிஷா சொன்ன அந்தச் சேறு கொதிக்கிற மாதிரி இருந்தது. அத்தனை பேருக்கு நடுவில் எங்கள் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த பாஷையில் சொல்லிவிட்டேன்.

"எப்பா, உன் பேரு மறந்துட்சிடா. ஒரு வருஷமா எல்லாம் மறந்துகினே வருது. உன் அத்தைக்குத் தெரியும், நான்தான் வாயைக் கட்டி வச்சேன். என்னைப் பூட்டு போட்ட ஊட்ல வுட்டுடாதடா. ரொம்ப பயமா கீது."

சபை அவனைப் பார்த்தது, மொழிபெயர்ப்பதற்காக.  பெனிஷா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவன் என் தலையை இரண்டு கையாலும் பிடித்து நெற்றியோடு நெற்றி, மூக்கோடு மூக்கு வைத்து அப்படியே நின்றான். அவன் கண்ணீர் என் மூக்கு வழியாக இறங்கியது. "ரூபஸ்ப்பா. என் பேரு ரூபஸ். எத்தினி வாட்டி வேணா கேளு, சொல்றேன்" என்றான்.

எங்களுக்காகப் பாட எங்கள் ஆட்கள் யார் இருக்கிறார்கள்? பெனிஷா அழுதுகொண்டிருந்தாள். மெரெ எழுந்து வந்து என் பக்கத்தில் நின்று பாட ஆரம்பித்தாள். அப்புறம் வீடே எழுந்து நின்று பாடியது.

இன்று காலையில் டாக்டரைப் பார்த்தோம். வியாதிக்குப் பெயரெல்லாம் சொன்னார், ரூபஸ் குறித்து வைத்திருக்கிறான். ஆறு மாதம் விடுப்பு எழுதிப் போட்டிருக்கிறான், மே கடைசியில் என்னோடு அவனும் வருகிறான். அப்புறம் என்ன என்று கேட்டேன். "அப்புறம் பாத்துக்கலாம்ப்பா" என்றான். அவன் குரலிலும் பயம் இருந்தது. எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்தது, இரண்டு பேரும் டீ குடித்தோம்.

உன் தம்பி,
சாமி

இதை எழுத மறந்துவிட்டேன். கிளம்பிய அவசரத்தில் வீட்டு மோட்டாரை அணைத்தேனா என்று நினைவில்லை. போய்ப் பார்த்துச் சொல்.

*

திருமுல்லைவாயில்
28 ஏப்ரல்

உன் மலை பரங்கிமலை. உன் ஆறு கூவம். உன் பிள்ளை ரூபஸ். நான் ஞானகுமாரி, உன் அக்கா. இனி என் கடிதங்கள் இப்படித்தான் தொடங்கும்.

உன் வீட்டில் வெள்ளையடிக்க ஆள் சொல்லிவிட்டேன். என் கட்டிலை நாளைக்கு ஜெகன் கொண்டுபோய்ப் போடுகிறான். நீங்கள் இரண்டு பேரும் எப்போது வருகிறீர்கள் என்று வழி பார்த்திருக்கிறேன்.

நீ கேட்டாயே என்று உன் வீட்டுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு, இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். மோட்டார் அணைந்துதான் இருக்கிறது, சாமி.